ஊருக்குப் பிடிக்காத ஐந்தாம் பகுதி

மாதப்பனின் கருத்து நிலுவையில் இருக்கிறது என்று அறிவிக்கும் கடிதத்தைக் கொண்டுவந்த மனிதர், அதைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், தான் கடிதம் கொண்டுவந்த விதத்துக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று கேட்டார்.

மாதப்பன் அப்போது மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். "ஏனுங்க, நீங்க வந்ததே இப்பத்தாங்க தெரியும்" என்றான்.

அந்த மனிதரின் முகம் வாடியது. தானே மூன்று என்று குறித்துக்கொண்டு, "இதுக்கும் காரணம் கேட்பாங்க. இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

கடிதத்தை மலர்தான் படித்துக் காட்டினாள். மாதப்பனுக்கு ஒரே தங்கை அவள். இருவருக்கும் பதினேழு வயது வித்தியாசம்.

"'முகில்மொழி' தொடரின் ஐந்தாம் பகுதி பற்றித் தாங்கள் தெரிவித்த கருத்துக்கு நன்றி. தங்கள் கருத்து, தொடரைப் பார்த்த பதினாறு லட்சம் பேரின் கருத்தோடு ஒத்துப்போகவில்லை. இது தங்களுக்கு மனவேதனை தந்திருக்கும் என்பதை உணர்கிறோம். தங்கள் கருத்து சீராகும்வரை, தொடரின் நாயகி முகிலின் குரலைப் போன்ற குரல் எதுவும் பொது இடங்களில் ஒலிக்காமல் இருப்பது அனைவருக்கும் நல்லது. தங்கள் வீட்டில் அப்படி ஒரு குரல் இருப்பதாக அறிகிறோம்."

கீழே 'ஒளிவாசல் நிறுவனம், பார்வையாளர் கருத்துச் சீராக்க மையம், ஏற்காடு' என்று இருந்தது.

மலர் கடிதத்தை நான்காக மடித்தாள். "என்னையத்தாண்ணா சொல்றாங்க" என்றாள். "அப்ப பள்ளிக்கூடத்துக்கு நான் போவ முடியாதா?"

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளைப் பாட்டு டீச்சராக வரச் சொல்லியிருந்தார்கள். ஆண்டு விழாவில் மேடையேறிப் பாடி அன்றிலிருந்தே வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று பேச்சு. விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

முகில்மொழி, மலையில் பிறந்து, தானே பாட்டெழுதித் தானே மெட்டுக் கட்டிப் பாடும் முகில் என்ற பெண்ணைப் பற்றிய தொடர். முகிலாக நடித்த பெண்ணுக்குப் பாடத் தெரியாது. அவளுக்குப் பாடியது மலர். பாட்டுகளை எழுதியதும் மலர்தான். போன வருடம் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், பள்ளத்துத் தோட்டத்திலிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது அவள் பாடியதைப் படப்பிடிப்பு இடம் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். சென்னைக்கு அழைத்துப் போனார்கள். நான்கு பகுதிகளுக்கு வேண்டிய ஏழு பாட்டு பாடி முடித்ததும், ஒன்பது நாள் ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, பொருளில்லாத வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார்கள். ஆ, ஈ, ஊ என்று இழுக்கச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டதற்குக் குரலைச் சுத்தம் பண்ணுவதற்கு என்றார்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்வரட்டுமா என்று அவள் கேட்டபோது, தாராளமாகப் போகலாம், திரும்பி வரவேண்டியதே இல்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள்.

பிறகு தொடர் வெளிவந்தது. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு என்ற கிராமத்தைத் தாண்டி இருக்கும் அவர்கள் ஊரில், மேட்டுப்பாறை மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்பத்து நான்கு வீட்டு ஜனமும் பாறை மேல் உட்கார்ந்து நான்கு போன்களில் பார்த்தது. நான்கு வாரம் நன்றாகப் போயிற்று. ஐந்தாவது வாரம், மலர் ஒருபோதும் பாடியிராத ஒரு பாட்டு மலரின் குரலில் வந்தது.

ஊர் தலையாட்டியது. மாதப்பன் மட்டும் ஆட்டவில்லை. மலரின் பாட்டுகள் மேடேறும்போது உண்டானவை. ஒவ்வொரு வளைவிலும் மூட்டையைத் தோள் மாற்றுகிற இடத்தில் அவள் மூச்சு வாங்குவாள். பாட்டும் அங்கே நின்று, பிறகு ஏறும். இந்தப் பாட்டு எந்த வளைவிலும் நிற்கவில்லை. தண்ணீருக்கு அடியில் யாரோ கண்ணைத் திறந்துகொண்டு பாடுவது போல அது போய்க்கொண்டே இருந்தது. மாதப்பன் தானும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததைத் தலை சுற்றிய பிறகுதான் உணர்ந்தான்.

"அது நாந்தான் போலிருக்குண்ணா" என்றாள் மலர்.

அன்றைக்கு அவன் தன் வாழ்நாளின் முதல் கருத்தை எழுதினான். 'இது எங்க மலர் பாடினது இல்ல. மூச்சே வாங்கல. எங்க ஊருக்குப் பிடிக்கல.' நட்சத்திரத்தை ஒரு தடவை தொட்டால் போதும் என்று நினைத்து, முதலில் இருந்ததைத் தொட்டான்.

எங்க ஊருக்கு என்று அவன் எழுதியதில் சூது எதுவும் இல்லை. அந்த ஊரில் யாரும் வெளியாளிடம் எனக்கு என்று பேசுவதில்லை. பஸ்காரரிடமானாலும் பாரஸ்ட்காரரிடமானாலும், ஒருவன் வாயிலிருந்து வந்தாலும் அது ஊரின் பேச்சு. எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்காது என்று தனியாகச் சொல்கிறவனைத் திமிர் பிடித்தவன் என்பார்கள். ஒளிவாசலின் இயந்திரத்துக்கு இந்த வழக்கம் தெரியாது. அது எண்பத்து நான்கு வீடுகள் ஒன்றுசேர்ந்து எதிர்ப்பதாகக் கணக்கிட்டு, அன்று ராத்திரியே ஒரு சிவப்பு விளக்கை எரியவிட்டது.

மையம், ஏரியைத் தாண்டி மேலே ஏறும் பாதையில், ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் இருந்தது. தடையை நீக்கச் சொல்லிக் கேட்க மாதப்பனும் மலரும் போன அன்று பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. உள்ளே வரவேற்பில் இருந்த புஷ்பலதா என்ற பெண், "என்ன மனநிலையில வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"பஸ்ஸுல வந்தோமுங்க" என்றான் மாதப்பன்.

அவள் அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, 'வருத்தம் 17' என்று அச்சிட்ட ஒரு சீட்டைக் கொடுத்தாள். "கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் கருத்து சொல்லாதீங்க. இங்க காத்துலயே ஒட்டிக்கும்."

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஸ்தனிஸ்லாஸ், ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீங்க என்னங்க சொன்னீங்க?" என்று மாதப்பன் மெதுவாகக் கேட்டான்.

"பரவாயில்லைன்னு சொன்னேனுங்க."

"அதுல என்னங்க தப்பு?"

"அதத்தான் பதினோரு நாளா விசாரிச்சிட்டு இருக்காங்க. நல்லா இருக்குதுன்னு அர்த்தமா, நல்லா இல்லீன்னு அர்த்தமான்னு கேட்டாங்க. ரெண்டும் இல்லீங்க, பரவாயில்லைன்னேன். அப்படி ஒரு மனுசன் இருக்க முடியாதுன்னுட்டாங்க. எம் பேருல இப்ப ரெண்டு பைல் இருக்குது. ஒண்ணு பிடிச்சவன், ஒண்ணு பிடிக்காதவன். எது மொதல்ல முடியுதோ அவன் ஊட்டுக்குப் போலாமாம்." அவர் தன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டே, "இன்னொருத்தன் எங்க போவானோ தெரியல" என்றார்.

அப்போது ஒலிபெருக்கி பேசியது. "வருத்தம் பதினேழு, உள்ளே வரவும். உங்கள் பொறுமை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது."

மலர் மாதப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பேசியது அவள் குரல். புஷ்பலதா தலையை நிமிர்த்தி, "நல்லா இருக்குல்ல? நாள் பூரா இதான் கேக்குறேன், சலிக்கவே மாட்டேங்குது" என்றாள். மலர் வாயைத் திறந்து ஏதோ சொல்லவந்து, யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

கருத்து ஆலோசகர் சந்திரசேகர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வரவேற்றார். மென்மையான மனிதர். கழுத்துவரை பட்டன் போட்ட ஸ்வெட்டர். எதிரில் பேசுகிறவரை விட்டுவிட்டுத் தொலைவில் எதையோ கேட்பவரைப் போலத் தலையைச் சாய்த்துக்கொள்வார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மாதப்பன். உங்களுக்குப் பிடிக்காம இருக்கறதுக்கு முழு உரிமை இருக்கு. அந்த உரிமையைக் கொடுத்ததே நாங்கதான். அதனால அதை நீங்க என்ன பண்றீங்கன்னு பார்க்க வேண்டிய பொறுப்பும் எங்களுக்கு வந்துடுது. உட்காருங்க. எதனால பிடிக்கல?"

"மூச்சு இல்லீங்க, சார்."

"ஆமா. எடுத்துட்டோம்."

மாதப்பன் மறுப்பு வரும் என்று தயாராக வந்திருந்தான். மலரைத் திரும்பிப் பார்த்தான்.

"முதல் நாலு பகுதியில ஒரு விஷயம் கவனிச்சோம்" என்றார் சந்திரசேகர். "அந்தப் பொண்ணு மூச்சு வாங்கற இடத்துல ஜனங்க போனைக் கீழ வெச்சிடறாங்க. அரை விநாடிதான். அந்த அரை விநாடியில அடுப்புல பால் வெச்சது ஞாபகம் வருது. குழந்தை அழுதது ஞாபகம் வருது. எழுந்து போனவங்க திரும்பி வர்றதில்ல. ஒரு மூச்சுக்கு நாற்பதாயிரம் பேர் போறாங்க. இதை அவங்ககிட்ட சொல்லி மனசைப் புண்படுத்த வேண்டாம்னுதான், அவங்க இல்லாமலே அவங்களைப் பாட வெச்சோம்."

"அவதானுங்க இவ" என்றான் மாதப்பன். "எந்தங்கச்சி மலரு."

சந்திரசேகர் மலரை அன்போடு பார்த்தார். "இருக்கலாம். ஆனா அதை நீங்களோ நானோ எப்படிச் சொல்ல முடியும்? பார்வையாளர்கள் சொல்லணும். அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

செவ்வாய்க்கிழமை பங்களாவின் பெரிய அறையில் ஒரு திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் பதினேழு பார்வையாளர்கள் கையில் பொத்தானோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பெட்டியும் மலரும். இரண்டு குரல் பாடும், எது மலர் என்று பார்வையாளர்கள் தீர்மானிப்பார்கள் என்று சந்திரசேகர் விளக்கினார். அந்தப் பதினேழு பேரும் நேர்மையானவர்கள், தொடரை மூன்று முறைக்குக் குறையாமல் பார்த்தவர்கள்.

பெட்டி பாடியது. பிறகு மலர் பாடினாள். தன்னுடைய பாட்டு, பள்ளத்துத் தோட்டத்திலிருந்து ஏறி வரும்போது கட்டிய பாட்டு. இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கினாள். பதினேழு பேரில் ஒருவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

அறிக்கை அரை மணி நேரத்தில் வந்தது. சந்திரசேகர் அதைக் குரல் தாழ்த்தி, துக்க வீட்டில் பேசுவது போலப் படித்தார். "மலர் என்பவரின் குரல், மலரின் குரலோடு அறுபத்தொரு சதவீதம் ஒத்துப்போகிறது. இடையிடையே மூச்சுச் சத்தம் வருவதால் உண்மைத்தன்மை குறைகிறது. பயிற்சி எடுத்துக்கொண்டால் முன்னேற வாய்ப்பு உண்டு."

"பெட்டிக்கு எவ்வளவுங்க?" என்று மலர் கேட்டாள். அந்த மையத்தில் அவள் வாய்திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"தொண்ணூற்றெட்டு."

அவள் தலையசைத்தாள். "நல்லாத்தாங்க பாடுச்சு" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது மாதப்பன் திட்டிக்கொண்டே வந்தான். மலர் ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டை மூடியபடி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். என்ன கண்ணு எண்ணுகிறாய் என்று கேட்டதற்கு, "எவ்வளவு நேரம் அடக்க முடியுதுன்னு பாக்குறேண்ணா" என்றாள். நாற்பத்திரண்டு வரை வந்திருந்தது.

ஆண்டு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது மையம் ஊருக்கே வந்தது. மூன்று ஜீப்புகள். கோயில் முன்னால் இருந்த வெற்றிடத்தில் வெள்ளைத் திரை கட்டி, நாற்காலி போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எண்பத்து நான்கு வீட்டையும் கூப்பிட்டார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் தனபால் வேட்டியை மடித்துக் கட்டாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் நாளே சந்திரசேகர் அவர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனதை ஊர் பார்த்திருந்தது.

ஐந்தாம் பகுதி ஓடியது. பாட்டு வந்தது. பகல் வெளிச்சத்தில் முகிலின் முகம் திரையில் சரியாகத் தெரியவில்லை, குரல் மட்டும் மலைச்சரிவு முழுவதும் நிரம்பியது. மரத்தில் கத்திக்கொண்டிருந்த பறவைகள்கூட நின்றுவிட்டன. அவையும் மூச்சுக்காகக் காத்திருந்தன போலும்.

முடிந்ததும் சந்திரசேகர் மைக்கைப் பிடித்தார். "ஒரு ஊருக்கு ஒரு தொடர் பிடிக்கலன்னா எங்களால தூங்க முடியாது. எங்க கட்டாயத்தால உங்க மனசு மாற வேண்டாம். தானா மாறட்டும். மாறினதும் மேட்டுப்பாறையில டவர் வேலை ஆரம்பிச்சுடும். ரெண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்ல. ஒண்ணுக்குப் பிறகு இன்னொண்ணு நடக்கும், அவ்வளவுதான்."

தனபால் எழுந்தார். மாதப்பன் பக்கம் பார்க்காமல் பேசினார். "போன மாசம் வேலன் மருமகளுக்கு இடுப்பு வலி வந்தப்ப, ஆம்புலன்சுக்குப் போன் பண்ண மழையில பாறை மேல ஏறுனோமுங்க. கொழந்த பாறைக்குக் கீழயே பொறந்து, கீழயே போயிருச்சு. டவரு வேணுமுங்க." சந்திரசேகர் பக்கம் திரும்பினார். "ஊருக்குப் பிடிச்சிருக்குதுங்க."

எண்பத்து நான்கு வீடும் தலையசைத்தது. மாதப்பனின் தலைகூட, வழக்கத்தினால், பாதி அசைந்துவிட்டது.

"நன்றி" என்றார் சந்திரசேகர். "ஊர் பேசிடுச்சு. ஊருக்குள்ள மாதப்பனும் உண்டு. அப்போ மாதப்பனுக்கும் பிடிச்சிருக்கு. அஞ்சாவது பகுதியில பாடினது மலர்தான்னு ஊரே ஒப்புக்கிட்ட மாதிரி. இல்லையா?"

மலர் பெண்கள் பக்கத்தில் கடைசியாக நின்றிருந்தாள். மாதப்பன் எழுந்தான். அவன் சொல்லப்போகிற சொல்லை அந்த இடத்தில் நின்று யாரும் சொன்னதில்லை.

"எனக்குப் பிடிக்கலீங்க" என்றான்.

"என்னடா?" என்றார் தனபால்.

"எனக்குங்க கவுண்டரே. எனக்கு. ஊரு வேற, நான் வேறன்னே வெச்சுக்கோங்க. அது எந்தங்கச்சி இல்ல."

"எனக்காமா எனக்கு!" என்றாள் தனபாலின் மனைவி இளவரசி, மாதப்பனைப் பார்த்து. "நேத்துவரைக்கும் ஊருன்னு எழுதி எங்களையும் இழுத்துவிட்டீங்க, இன்னைக்கு எனக்கு ஆயிப்போச்சா? அந்தக் கொழந்தைக்கு என்ன பதில் சொல்லுவீங்க, மாமா?"

அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்த நாற்காலிக்காரர்கள் எழுந்து தள்ளிப் போய் நின்றார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவனைச் சுற்றிக் காலி நாற்காலிகள் மட்டும் இருந்தன.

சந்திரசேகர் கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மைக்கை வைத்துவிட்டு ஓடிவந்து மாதப்பனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இதைத்தாங்க நாங்க கேட்டுக்கிட்டே இருந்தோம்! ஊர்னு வந்தா அது எதிர்ப்பு. எங்களுக்குப் பயம். தனி ஆள்னு வந்தா அது கருத்து. அதை நாங்க ரொம்ப மதிக்கறோம். பதினாறு லட்சத்துல ஒண்ணு. அதை வெச்சு என்ன செய்யறதுன்னு யாரும் எங்களைக் கேட்க மாட்டாங்க." பின்னால் திரும்பி, "புஷ்பலதா, சீராகிடுச்சு. முடிச்சிடுங்க" என்றார்.

ஜீப்புகள் போன பிறகு ஊர் கலைந்தது. அன்று தொடங்கி யாரும் மாதப்பனுக்கு நெருப்போ தண்ணீரோ மறுக்கவில்லை. பேச்சில் மட்டும், வாங்க போங்க என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. மேட்டுப்பாறையில் புதன்கிழமை குழி தோண்டினார்கள்.

வியாழக்கிழமை மாதப்பனும் மலரும் மையத்துக்குப் போய்ச் சான்றிதழை வாங்கினார்கள். கூடத்தில் ஸ்தனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போய்விட்டாரா என்று கேட்டதற்கு, எந்த ஸ்தனிஸ்லாஸ் என்று புஷ்பலதா கேட்டாள்.

சான்றிதழ் கெட்டித் தாளில், பொன்னிற ஓரத்தோடு இருந்தது. மலர் பொது இடங்களிலும் பள்ளிகளிலும் பாடுவதற்கு இனித் தடை எதுவும் இல்லை. பாடுவதற்கு முன் ஒரு வரியை மட்டும் அறிவிக்க வேண்டும். 'முகிலின் குரலைப் போலப் பாட முயற்சி செய்பவர்.'

"கெடச்சிருச்சு கண்ணு" என்றான் மாதப்பன். "வேல கெடச்சிருச்சு. அது என்னமோ ஒரு வரி, சொல்லிட்டுப் போவட்டும். நீ உன்ர பாட்டப் பாடு."

"சரிண்ணா."

பஸ் நிலையத்தில் வெயிலும் பனியும் மாறிமாறி வந்தன. அவர்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ் இன்னும் வரவில்லை. மாதப்பன் தங்கைக்கு வேகவைத்த கடலை வாங்கிக் கொடுத்தான். "இங்க யாரு இருக்கா? ஒண்ணு பாடேன், கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றான். மலர் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், மேட்டுப் பாட்டை எடுத்தாள்.

முதல் வளைவு வந்தது. மாதப்பன் தன்னை அறியாமலேயே தோளை மாற்றிக்கொண்டான். மலர் நிற்கவில்லை. இரண்டாவது வளைவு. நிற்கவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது, உதடு வெளுத்தது, பாட்டு மட்டும் ஒரே சமமாகப் போய்க்கொண்டிருந்தது.

"போதும் சாமி" என்றான் மாதப்பன். "மூச்சு வாங்கிக்க. வாங்கிக்க சாமி."

பக்கத்தில் பலாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவர்கள் பக்கம் நகர்ந்து வந்தாள். நல்ல மனதுக்காரி, முகத்திலேயே தெரிந்தது. "ஏங் கண்ணு, முகில்மொழியில வர்ற புள்ள மாதிரியே பாடறியே!" என்றாள். "அச்சு அசலா அப்படியே இல்ல. ஆனா கிட்டத்தட்ட வந்துட்ட."

மலர் இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் மாதப்பன் பல மாதங்களாகப் பார்க்காத ஒரு மகிழ்ச்சி இருந்தது.

"பழகிட்டு இருக்கேனுங்க, அக்கா" என்றாள்.